ஒற்றைத் தட்டு

பயம் எனக்குக் கூடவே பிறந்தது. கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டு நடுங்கினார்கள். நான் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினால் நடுங்கினேன். வீட்டில் பல்லி கத்தினால்கூட யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி பல்லிக்குப் பயப்படலாமா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அவர் எனக்கு நேர் எதிர். அரசு பஸ்ஸில் கண்டக்டர். காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் வழியாகச் சிவகங்கை போகும் வண்டியில்தான் பாதி உத்தியோகம் கழிந்தது. "ஏறுனவுக உள்ள போங்க, உள்ள என்ன புலியா படுத்துருக்கு" என்று அவர் போடும் சத்தம் பின்னால் வரும் வண்டிக்கும் கேட்கும். விசில் ஊதுவதில்கூட ஒரு மிடுக்கு இருக்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போகலாம். வீட்டிலும் சில நேரம் என்னை அப்படித்தான் ஓட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் அன்றைக்கே போய்விட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. "சரி" என்பார். பசித்தால் "சரி". வலித்தால் "சரி". என்மேல் எரிச்சல் வந்தால் அதே சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அவ்வளவு பேசிய மனுஷனுக்கு ஆண்டவர் விட்டுவைத்த சொல் அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இடது கையால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். எனக்கு விளங்கவில்லை. அடுத்த கரண்டியைக் கொண்டுபோனேன். மறுபடி ஒரு தட்டு. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். சில்லறை இல்லாமல் ஏறினவனைப் பார்க்கும் அதே பார்வை. அப்போதுதான் புரிந்தது. கஞ்சி சுடுகிறது, வண்டியை நிறுத்து என்கிறார். ஊதி ஆற்றிக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு இரண்டு தட்டு தட்டினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். "சரிங்க கண்டக்டர், போகலாம்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு அப்படியே ஓடியது. புரட்டிப் படுக்கவைக்கும்போது வலித்தால் ஒரு தட்டு. குளிக்கவைக்கும்போது தண்ணீர் பதமாக இருந்தால் இரண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் அவர் நெற்றியில் என் கட்டைவிரலால் ஒரு சிலுவை வரைவேன். கண்ணை மூடித் திறந்து இரண்டு தட்டு தட்டுவார். வண்டி கிளம்பும். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் என்ன செய்தேன் என்பது இது தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

அவரைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டேன். ஒரே மகள், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாதா கோயிலில் பாடல் குழுவில் இருக்கும் ஒரு பெண் இந்தக் கம்பெனியைப் பற்றிச் சொன்னாள். எங்கள் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். நெற்றியில் ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்ய வேண்டும். துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது, காய் நறுக்குவது, இவ்வளவுதான். அந்த வீடியோக்கள் வெளிநாட்டுக்குப் போகும். மனுஷ உருவத்தில் செய்கிற ரோபோக்கள் அதைப் பார்த்து வேலை கற்றுக்கொள்ளும். அவள் சொன்னபோது என்னை வைத்து வேடிக்கை செய்கிறாள் என்றே நினைத்தேன்.

ஆபீசில் சூப்பர்வைசர் ஒரு சின்னப் பெண். நெற்குப்பைக்காரி, இன்ஜினியரிங் படித்தவள். போனில் எனக்கு அந்த ரோபோவைக் காட்டினாள். வெள்ளை உடம்பு, இரண்டு கால், இரண்டு கை, பத்து விரல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கண்ணாடி. மேஜைமேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தது. முதல்தடவை சமையல்கட்டுக்குள் விடப்பட்ட மாப்பிள்ளைபோல அவ்வளவு தயக்கம்.

"இதுக்கு நாங்க எதுக்கும்மா?" என்றேன்.

"அதுக்குக் கை இருக்கு டீச்சர், கைப்பழக்கம் இல்ல. நம்ம செய்யுறதப் பாத்துப் பாத்துத்தான் படிக்கும்."

"என் வகுப்புல நாப்பது பேரு வருஷம் முழுக்கப் பாத்தாக. ஒருத்தரும் படிக்கலையே."

அவள் சிரித்துவிட்டுச் சட்டதிட்டங்களைச் சொன்னாள். இரண்டு கையும் எப்போதும் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது பேசக் கூடாது. முக்கியமாக, யாருடைய முகமும் விழக் கூடாது. "மொகம் விழுந்தா அந்த வீடியோ செல்லாது டீச்சர். ஒங்க வீட்டு ஆளு, பக்கத்து வீட்டு ஆளு, யாரு மொகமும் வெளிய போயிறக் கூடாதுல்ல. ஒங்க நல்லதுக்குத்தான்." நியாயமாகத்தான் பட்டது. நான் அதிலேயே மனசு சமாதானமாகி ஒப்புக்கொண்டேன்.

முதல் மாதம் நெற்றிக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்வேனோ என்று பயம். பாத்திரம் துலக்கினால் சரியாகத் துலக்கவில்லை என்று எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு பொம்மை என்னை எடைபோடுமோ என்று பயம். பிறகு பழகிவிட்டது. கேமராவைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டால் எதிர்வீட்டு அம்மா, "என்ன டீச்சர், சுரங்கத்துக்குள்ள எறங்கப் போறீகளா?" என்பார். நானும் சிரிப்பேன்.

நாலைந்து மாதம் கழித்து சூப்பர்வைசர் புது வீடியோ ஒன்றைக் காட்டினாள். அதே மாதிரி ரோபோ, இப்போது தயக்கம் இல்லை. துண்டை நாலாக மடித்தது. மடித்து முடித்த பிறகு ஓரத்தைப் புறங்கையால் ஒருமுறை நீவிவிட்டது. போனை வாங்கித் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உள்ளங்கையால் நீவுவார்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் புறங்கையால் நீவுவேன். சாக்பீஸ் படிந்த கையால் புடவையைத் தொடாமல் இருந்து இருந்து வந்த பழக்கம் அது.

"இது என் நீவல்மா" என்றேன்.

"அட போங்க டீச்சர். ஊர்ல எத்தன பேரு புறங்கையால நீவுறாக. ஒங்க ஒருத்தர் வீடியோவையா பாக்குது? ஆயிரக்கணக்குல பாக்குது."

இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே யோசனை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட அதற்குத் தெரியாது. என் கையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது அதற்கு எப்படித் தெரியும்? துணி மடிப்பதில் ஒரு நீவல் கூடினால் யாருக்கு நஷ்டம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலைகளை இப்போது அதிகமாகக் கேட்கிறார்கள் என்றாள். படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டுவது. "டீச்சர் வீட்லதான் சார் இருக்காகளே. அவுக சம்மதிச்சாத்தான்." அவரிடமே போய் மரியாதையாகக் கேட்டாள். அவர் அவளையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாய்வு நாற்காலியின் கையில் இரண்டு தட்டு தட்டினார்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஐம்பத்தி நாலு வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. எல்லாப் பயத்துக்கும் தாய் மாதிரி ஒரு பயம் எனக்குள் இருந்தது. நான் விழுந்துவிட்டால் இவரை யார் தூக்குவது? நான் செத்துப்போனால் இவர் தட்டுவது யாருக்குப் புரியும்? மகளுக்கு அவள் குடும்பம், அவள் வேலை. ஒரு நாள் அப்படியொரு ரோபோ இந்த வீட்டு வாசலில் வந்து நிற்குமானால், அது என்னிடம் கற்றுக்கொண்டு வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய வலது தோளைத் தூக்கும்போது கக்கத்தில் கைகொடுக்கக் கூடாது, முதுகில்தான் கொடுக்க வேண்டும். அதை ஒழுங்காகக் காட்டிக்கொடுப்போம் என்று நினைத்தேன்.

ஊட்டும்போது கேமராவில் கிண்ணமும் கரண்டியும் என் கைகளும் தெரிய வேண்டும். அவர் பக்கம் கீழ் உதடு வரைக்கும் தெரியலாம், அதற்குமேல் ஏறக் கூடாது. முதல் நாள் நெற்றியில் சிலுவை வரையக் கை போனது, கையோடு என் தலையும் நிமிர்ந்தது. வீடியோ திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டே குத்துமதிப்பாக வரைந்தேன். விரல் அவர் மூக்கில் போய் இடித்தது. "சரி, சரி, சரி" என்று குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்ததில் தலை ஆடி அதுவும் செல்லாமல் போயிற்று.

அப்புறம் கேமராவைக் கட்டுவதற்கு முன்னாலேயே சிலுவை போட்டேன். சில நாள் அவசரத்தில் கேமராவைக் கட்டியபிறகுதான் ஞாபகம் வரும். அவிழ்த்துக் கட்டச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகி, கடைசியில் அதுவும் விட்டுப்போனது. அவர் முதலில் சில நாள் கண்ணை மூடிக் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கழுத்து கீழேயே பார்க்கப் பழகிவிட்டது. பால்காரர் வந்தால் அவர் கையைப் பார்த்துப் பால் வாங்கினேன். மகள் வீடியோ காலில் வந்தபோது, "ஏம்மா எங்கிட்டோ பாத்துப் பேசுற?" என்று சண்டை பிடித்தாள். இதையெல்லாம் அப்போது தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் கம்பெனி நீளமான வீடியோ கேட்டிருந்தது. பத்து நிமிஷம் இடையில் நிறுத்தாமல் ஊட்ட வேண்டும். நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தடவை அவர் ஒரு தட்டு தட்டி நான் நிறுத்தி, இரண்டும் வீணாகப் போயின. ஒருதடவை தண்ணீர் கேட்டார், ஒருதடவை ஈ உட்கார்ந்திருந்தது. எனக்கு எரிச்சல். "பத்து நிமிஷம் பொறுத்துக்கிற மாட்டீகளா? ஒங்களுக்கு நேரா நேரத்துக்கு வண்டி போகலைன்னா எப்பிடி இருக்கும்?" என்று கத்தினேன்.

மறுநாள் காலை எட்டு மணி. இட்லியை ரசத்தில் நன்றாகப் பிசைந்து வைத்தேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினேன். கேமராவை அழுத்தினேன். சிவப்புப் புள்ளி வந்தது. ஆறேழு நிமிஷம் அழகாகப் போயிற்று.

அப்போது என் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது.

நான் கவனிக்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். கவனித்தேன். ஒரு தட்டு என்று நன்றாகத் தெரிந்தது. இன்னும் மூன்று நிமிஷம்தானே, இருங்க என்று மனசுக்குள் சொன்னேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு அடுத்த கரண்டியைக் கொடுத்தேன். உதடு திறந்துதான் இருந்தது. கை மறுபடி வந்தது. இந்தத் தடவை தட்டவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இடது கையில் அவருக்கு நல்ல பலம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, திரும்ப மடியில் வைத்து, பிள்ளையை அடக்குவதுபோல மேலே லேசாகத் தட்டிக்கொடுத்தேன். கீழ் உதட்டில் ரசம் வழிந்தது. துடைத்தேன். இன்னொரு கரண்டி கொடுத்தேன்.

மடியில் இருந்த அந்தக் கை அப்படியே கிடந்தது. நகங்களைப் பார்த்தேன். ஐந்து நகமும் நீலம் பாரித்திருந்தன.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

கிண்ணம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். "மாதாவே, மாதாவே" என்று நான் கத்தியது எதிர்வீடு வரை கேட்டிருக்கிறது. ஒரு இட்லிக் கட்டி, நெல்லிக்காய் அளவுகூட இல்லை, வெளியே வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மூச்சு இழுத்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து ஆட்டோவைக் கூப்பிட்டு, என் நெற்றியில் இருந்த கேமராவையும் அவிழ்த்து எறிந்தார். அது வரைக்கும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. காய்ச்சல், மூக்கு வழியாகக் குழாய். டாக்டர் சின்னப் பையன்தான், கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "மொகம் நீலமாயிருக்குமேம்மா, நீங்க பாக்கலையா?" என்றார். எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன், ஒரு முழ தூரம்கூட இல்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாடிப்படி ஏறும்போதே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. உள்ளே புதிதாகச் சேர்ந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. டிவியில் இரண்டு கைகள் ஊட்டிக்கொண்டிருந்தன. என் வளையல். என் கிண்ணம். அவர் கழுத்தில் கட்டியிருந்த நீலக்கோடு போட்ட துண்டு.

"இங்க பாருங்கக்கா, நோயாளி கை குறுக்க வருது" என்று அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். "டீச்சர் பதட்டப்படல. நிமிந்து பாக்கல. கையப் பதமா எடுத்து மடியில வச்சிட்டு வேலையத் தொடர்றாக. திரும்ப வருது பாருங்க. இப்பயும் அப்பிடித்தான். வெரல ஒண்ணொண்ணாப் பிரிக்கிறாக. அழகா இருக்குல்ல? கம்பெனியில இருந்து இதுக்கு நல்ல பேரு. தடங்கல் வந்தா எப்பிடிச் சமாளிக்கணும்கிறதுக்கு இதத்தான் எல்லாருக்கும் காட்டச் சொல்லிருக்காக."

பெண்கள் தலையாட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். வீடியோ அந்தக் கடைசிக் கரண்டியோடு முடிந்தது. அதற்கு அப்புறம் நான் நிமிர்ந்துவிட்டேன், முகம் விழுந்துவிட்டது, ஆகவே, தடங்கல் காட்சி அபூர்வம் என்று வீடியோவைத் திருப்பி அனுப்பாமல் அதை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

நானும் பார்த்தேன். பயங்கரம் என்னவென்றால், அதில் தப்பாக ஒன்றுமே தெரியவில்லை. யார் பார்த்தாலும் எவ்வளவு பொறுமையான கை என்றுதான் சொல்வார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"அது தடங்கல் இல்லம்மா" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "நிறுத்துன்னு சொல்றாரு. மூச்சு விட முடியல, நிறுத்துன்னு சொல்றாரு. நான் அந்தக் கைய எடுத்து வச்சுட்டு ஊட்டுறேன். இதையா எல்லாருக்கும் காட்டுறே? இதையா அதுக்குச் சொல்லிக்கொடுக்கப் போறீக?"

அவளுக்கு ஒன்பது நாள் விஷயமே தெரியாது. கேமரா தானாகவே வைஃபையில் வீடியோவை அனுப்பிவிடும், யாரும் கேட்க வேண்டியதில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. டிவியை அணைத்தாள். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் எதிரிலேயே உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் எழுதி, அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மெயில் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"டீச்சர், இங்குட்டு இருந்து அழிச்சுட்டோம். ஆனா அங்குட்டு அது ஏற்கெனவே சேந்துருச்சாம். அரைச்ச மாவுல இருந்து ஒரு உளுந்தத் திருப்பி எடுக்கச் சொன்னா எப்பிடி, அந்த மாதிரி சொல்றாக."

"அப்ப அது கத்துக்கிருச்சு."

"ஒரு வீடியோவ வச்சு ஒண்ணும் ஆகாது டீச்சர். பயப்படாதீக."

புறங்கை நீவலைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, உடனே போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஆபீசில் கொடுக்க மறந்துபோனதில் கேமரா இன்னும் என்னிடம்தான் இருந்தது. சரியானதை ஒன்று எடுத்து அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவரிடம் விவரமாகச் சொன்னேன். மகளை வீடியோ பிடிக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, முதலில் நெற்றியில் சிலுவை வரைந்தேன். கஞ்சி கொடுத்தேன். அவர் கையை நானே எடுத்து என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டவைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன். தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்று இரண்டு மூன்று என்று பத்து வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். அப்புறம்தான் அடுத்த கரண்டியை எடுத்தேன்.

அன்று மாலையே திரும்பி வந்தது. முகம் தெரிகிறது, ஏற்கப்படவில்லை. மறுநாளும் எடுத்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. நாலு தடவை அனுப்பினேன். நாலுக்கும் அதே ஒரு வரிதான். ஐந்தாம் நாள் கேமராவை மகள் கையில் கொடுத்து ஆபீசில் போட்டுவிட்டு வரச் சொன்னேன்.

எங்கேயோ ஒரு ஊரில், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டில், என் மாதிரி ஒருத்தியோ அவர் மாதிரி ஒருத்தரோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் முகமில்லாத அது உட்கார்ந்து பொறுமையாக ஊட்டும். அவர்கள் கை மேலே வரும். அது பதமாக எடுத்து மடியில் வைக்கும். இதைக் கற்பனை செய்யாமல் ஒரு நாளும் எனக்குக் கழிவதில்லை. பாத்திரம் துலக்கும்போது வரும், ஜெபம் சொல்லும்போது வரும். வரும்போதெல்லாம் கையை ஈரத்தோடு புடவையில் துடைத்துக்கொண்டு போய் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாயை எடுத்த பிறகு முதல்தடவை ஊட்ட உட்கார்ந்தபோது அவருடைய இடது கையைக் காணவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். தெரியாமல் வைத்திருப்பார் என்று இழுத்து வெளியே எடுத்துவைத்தேன். கரண்டியைக் கொண்டுபோனதும் கை மறுபடி அடியில் போய்விட்டது. மத்தியானமும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

இப்போது ஒவ்வொரு வேளையும் நான்தான் அந்தக் கையை எடுத்து என் மணிக்கட்டில் வைக்கிறேன். "ஏங்க, பிடிச்சுக்கங்க. சுட்டாத் தட்டுங்க. போதும்னாத் தட்டுங்க. நான் நிறுத்திருவேன், சத்தியமா நிறுத்திருவேன்" என்கிறேன். கரண்டிக்குக் கரண்டி நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார். விழுங்கிவிட்டு இரண்டு தட்டு தட்டுகிறார். போகலாம் என்கிறார். வயிறு நிறைந்த பிறகும் இரண்டு. ஆறாமல் கொடுத்தாலும் இரண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது, அவராக ஒற்றைத் தட்டு தட்டவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். பாவம் என்று தெரிந்துதான் செய்தேன். கஞ்சியில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். என் நாக்கில் வைத்துப் பார்த்தேன், துப்பத்தான் தோன்றியது. நெற்றியில் சிலுவை வரைந்தேன். கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தேன். ஒரு கரண்டி கொடுத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்துன்னு சொல்லுங்க, ஒரே ஒரு தடவை சொல்லுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

முகம் சுருங்கியது. கஷ்டப்பட்டு விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார்.